பைத்தான் 3.10-ஐ எடுத்தேன், டெஸ்க்டாப்பையே காணோம். காலையில பத்து மணிக்குப் ப்ரூஃப் குடுக்கணும்

அச்சுக்கடை அக்கா, இரவு 9.40

வணக்கம். ஃபோன்ல இருந்து அடிக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. பிழை பார்க்கிறதே என் தொழில், அதனால கொஞ்சம் கூச்சமாவும் இருக்கு.

திருவல்லிக்கேணியில, பைகிராப்ட்ஸ் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல கடை வெச்சிருக்கேன். ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங். மேன்ஷன் பசங்களுக்கு ரெஸ்யூமே, காலேஜ் பிள்ளைங்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட், தை வரப்போகுதுன்னா கல்யாணப் பத்திரிகை. அட்டை ஆண்டர்சன் தெருவுல எடுப்போம். மேட்டர் அடிச்சு ப்ரூஃப் காட்டுறது நான். மெஷின் ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட்ஸ்ல எடுத்தது, மூணு வருஷமா உபுண்டு 22.04-ங்கிற லினக்ஸ் ஓடுது. லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், தமிழ்99 கீபோர்டு, ஒரு ஹெச்பி லேசர்ஜெட். இதுக்கு மேல எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

போன வாரத்துல இருந்து டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு செய்தி வந்துக்கிட்டே இருந்துச்சு. சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷன் 30 ஜிபிதான். எதை எடுக்கலாம்னு தேடினேன். எங்க அண்ணன் பையன் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், கார்த்திகை மாசம் இங்க உட்கார்ந்து ஏதோ கோர்ஸுக்காக பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் மொழியோட 3.12 பதிப்பைப் போட்டான். பார்த்தா 3.10-னு இன்னொண்ணும் இருக்கு. புது கிரைண்டர் வந்த பிறகு பழசை எதுக்குப் பரண்ல வெச்சிருக்கணும், எடைக்குப் போட்டுடலாம்னு நினைச்சேன். ஒரு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல எவரோ எழுதியிருந்ததை அப்படியே அடிச்சேன்:

சூடோ ஆப்ட் பர்ஜ் பைத்தான்3.10* (கடைசியில நட்சத்திரத்தோட. சூடோன்னா அட்மின் உரிமை, ஆப்ட்னா சாஃப்ட்வேர் போட, எடுக்க உதவுற கருவி)

ஸ்க்ரீன் பூரா பேரா ஓடுச்சு. மேல ஒரு பட்டியல், "இதெல்லாம் இனி தேவையில்லை, ஆட்டோரிமூவ் குடு"ன்னு. அதுக்குக் கீழ இன்னொரு பட்டியல். கடைசியில தொடரலாமான்னு கேட்டுச்சு. கடையில ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தருக்கு ஆதார் காப்பி, இன்னொருத்தருக்கு ஸ்பைரல். ஒய் தட்டிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் ஐகான் ஒவ்வொண்ணா வேலை செய்யாம போச்சு. சரின்னு ரீஸ்டார்ட் பண்ணேன். இப்ப கறுப்பு ஸ்க்ரீன், மூலையில ஒரு கோடு கண் சிமிட்டுது, அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு பெண் வீட்டார் ப்ரூஃப் பார்க்க வர்றாங்க. மயிலாப்பூர்ல இருந்து ஆட்டோ வெச்சுக்கிட்டு வருவாங்க. மேட்டர் எல்லாம் மெஷின் உள்ள இருக்கு. அது போயிடுச்சா? அந்த ஆட்டோரிமூவ் குடுத்தா சரியாகுமா? இன்னொண்ணு, சம்பந்தம் உண்டா தெரியலை: பையன் பைத்தான் போட்ட நாள்ல இருந்தே கட்டளை அடிக்கிற டெர்மினலோட ஐகானைத் தட்டினா சுத்திட்டு நின்னுடும், திறக்காது. அதுக்கு அவனே எக்ஸ்டெர்ம்னு வேற ஒரு டெர்மினல் போட்டுக் குடுத்துட்டுப் போனான்.

கணினிச் சிங்கம், இரவு 9.51

விண்டோஸ் போடுங்க அக்கா, நிம்மதியா இருக்கலாம் :) சும்மா சொன்னேன். ஆட்டோரிமூவ் குடுத்துப் பாருங்க, குப்பை எல்லாம் போய் சுத்தமாயிடும். அதுவும் ஆகலைன்னா பென்டிரைவ்ல புதுசா உபுண்டு போட்டுடுங்க, அரை மணி நேர வேலை.

வேளச்சேரி டெவ், இரவு 9.58

அக்கா, ரெண்டுமே வேண்டாம். ஆட்டோரிமூவ் கிட்டயே போகாதீங்க.

முதல்ல பயம் போகணும். உங்க மேட்டர் எல்லாம் ஹோம் ஃபோல்டர்ல இருக்கு. பர்ஜ்னா பேக்கேஜோட (ஆப்ட் போடுற சாஃப்ட்வேர் பொதி) ஃபைல்களும் சிஸ்டம் செட்டிங்கும் போகும். ஹோமுக்குள்ள நீங்க சேமிச்சு வெச்சதை ஆப்ட் தொடவே தொடாது. பத்திரிகை பத்திரமா இருக்கும்.

இப்ப கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு எஃப்3 தட்டுங்க. லாகின்னு எழுத்துல கேட்கும். யூசர் பேர் அடிச்சு என்டர். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில நட்சத்திரம்கூட வராது, ஒண்ணுமே நகராது. கீபோர்டு போச்சுன்னு நினைச்சிடாதீங்க, அடிச்சு முடிச்சு என்டர் குடுங்க. உள்ள போயிட்டீங்கன்னா இங்க ஒரு வரி சொல்லுங்க. நெட் கேபிளா, வைஃபையா?

அச்சுக்கடை அக்கா, இரவு 10.07

உள்ள போயிட்டேன் தம்பி. ரெண்டு தடவை தப்பா அடிச்சேன், மூணாவதுல விட்டுச்சு. கேபிள்தான். ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் அடிச்சுப் பார்த்தேன், பத்திரிகை ஃபோல்டர் இருக்கு!! அழுகையே வந்துடுச்சு.

பெரம்பூர் பெரியவர், இரவு 10.16

அம்மா, அழாதே. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார். உன் மெஷின் சாகவில்லை, வேஷ்டியை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் செய்வது புரியும். 3.10 உன் மெஷினில் பழைய கிரைண்டர் அல்ல. உபுண்டு 22.04 கட்டப்பட்டதே பைத்தான் 3.10-ஐ வைத்துத்தான். அப்டேட் காட்டும் ஜன்னல், தமிழ் அடிக்க உதவும் ஐபஸ், ஹெச்பி பிரிண்டருக்கான ஹெச்பிலிப், இவையெல்லாம் பைத்தானில் எழுதியவை அல்லது பைத்தானைச் சார்ந்தவை. அந்தச் சார்புக்குத்தான் டிபெண்டன்சி என்று பெயர். 3.10-மினிமல் என்ற அடிப்படைப் பகுதி போனால் பைத்தான்3 என்ற பொதுப்பெயர் பேக்கேஜ் போகவேண்டும், அது போனால் அதைச் சார்ந்ததெல்லாம் போகவேண்டும், கடைசியில் உபுண்டு-டெஸ்க்டாப். நீ நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறாய். அதற்கு "இந்தப் பெயரில் ஆரம்பிக்கும் எல்லாமும்" என்று அர்த்தம். பையன் போட்ட 3.12 தனியாக வந்த விருந்தாளி. வீட்டுக்காரர் போன இடத்தில் விருந்தாளி சமைத்துப் போடமாட்டார்.

ஆப்ட் உன்னை ஏமாற்றவில்லை. இதையெல்லாம் எடுக்கப்போகிறேன் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டுத்தான் ஒய் கேட்டது.

ஆட்டோரிமூவ் ஏன் கூடாது என்றால், போனவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த லைப்ரரிகள் எல்லாம் இப்போது அதன் கணக்கில் அனாதை. அதுவாகவே கொண்டுவந்து வைத்தது, இப்போது கேட்க ஆளில்லை, அதனால் எடுக்கலாம் என்று நினைக்கிறது. இன்றைக்கு இரவு அந்த அனாதைகள்தான் உனக்கு வேண்டும். விட்டுவைத்தால் டவுன்லோடு மிச்சம்.

நல்ல செய்தி ஒன்று. ஆப்ட் சி++-ல் எழுதியது, அடியில் இருக்கும் டிபிகேஜி சியில் எழுதியது. பைத்தான் போனாலும் இரண்டும் உயிரோடு இருக்கும். ரெட் ஹாட் என்ற இன்னொரு லினக்ஸ் பக்கம் ஆப்ட் போல முன்பு இருந்த யம், பைத்தானிலேயே எழுதியது. அங்கே பைத்தானைக் கெடுத்துக்கொண்டால் சாமான் கொண்டுவரும் ஆளும் சேர்ந்து படுத்துவிடுவார். நான் ஒரு முறை பட்டிருக்கிறேன், ஆபீஸ் சர்வரில், தீபாவளிக்கு முதல் நாள். அந்தக் கதை வேண்டாம்.

உன் டெர்மினல் திறக்காத விஷயம் சம்பந்தம் உள்ளதுதான். பையன் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற கட்டளையால் பைத்தான்3 என்றால் 3.12 என்று திருப்பிவிட்டிருப்பான். உபுண்டுவில் அந்த டெர்மினலைத் திறக்கிற சின்ன ஸ்கிரிப்ட் பைத்தானில் இருக்கிறது. அது 3.10-க்கென்று வந்த துணை மாட்யூலைத் தேடும், 3.12-க்கு அது கிடையாது, அதனால் சுற்றிவிட்டு நிற்கும். ஆப்ட் அப்டேட் கொடுக்கும்போது கடைசியில் ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை என்று புலம்பியிருக்குமே, பார்த்தாயா?

சரி, வேலைக்கு வா. கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதுகிறேன், நீ இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள். ஒன்று முடிந்து அடுத்தது.

சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3

(அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னால் விட்டுவிடு. இருந்தால் பைத்தானைத் திரும்பப் போடுவதற்கு முன்பே இது முடியவேண்டும்.)

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் கிளீன்

சூடோ ஆப்ட் அப்டேட்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3 உபுண்டு-மினிமல் உபுண்டு-ஸ்டாண்டர்ட் உபுண்டு-டெஸ்க்டாப்

கடைசிக் கட்டளைக்கு ஒரு பட்டியல் வரும். இந்த முறை படி. "ரிமூவ்" என்ற தலைப்பில் ஏதாவது இருந்தால் ஒய் தட்டாமல் இங்கே வந்து சொல். "நியூ" என்ற தலைப்பில் மட்டும் இருந்தால் தட்டு.

வேளச்சேரி டெவ், இரவு 10.24

பெரியவர் சொன்னதுக்கு மேல ஒண்ணுதான். ஆப்ட் அப்டேட் நெட் இல்லைன்னு சொன்னா ஃபோனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க. பெரும்பாலும் தானா எடுத்துக்கும்.

ஐயா, ஒரு சந்தேகம். பேஷ், கோர்யூட்டில்ஸ் மாதிரி எசென்ஷியல் முத்திரை இருக்கிற பேக்கேஜை எடுக்கப்போனா ஆப்ட் சும்மா ஒய் கேட்டு விடாதில்ல? முன்னெல்லாம் "யெஸ், டூ ஆஸ் ஐ ஸே"ன்னு முழுசா அடிக்கச் சொல்லும். 2021-ல ஒரு யூட்யூபர் பாப் ஓஎஸ்ங்கிற லினக்ஸ்ல ஸ்டீம் கேம் ஆப் போடப்போய் அந்த வாக்கியத்தை அப்படியே அடிச்சு டெஸ்க்டாப்பை இழந்தாரே. அப்புறம்தான் ஆப்ட்ல அந்த வழியையே இறுக்கிட்டாங்க. பைத்தானுக்கு ஏன் அந்த முத்திரை இல்லை?

பெரம்பூர் பெரியவர், இரவு 10.31

ஏனென்றால் பைத்தான் இல்லாமலும் ஒரு டெபியன் (உபுண்டுவுக்கு மூலமான லினக்ஸ்) சிஸ்டம் நிற்கும் தம்பி. இந்த அம்மா இப்போது அதில்தானே லாகின் செய்து உட்கார்ந்திருக்கிறாள்! எசென்ஷியல் என்பது பேக்கேஜ் வேலையே நடக்காமல் போகிற அளவுக்கு அடிப்படையானவற்றுக்கு. டெஸ்க்டாப் என்பது நமக்கு அத்தியாவசியம், சிஸ்டத்துக்கு அலங்காரம்.

இவ்வளவு பேசுகிறோமே, 1999-ல் வந்த டெபியன் 2.1-ல்தான் ஆப்ட் முதலில் சேர்ந்தது. அதற்கு முன்னால் ஒன்றைப் போடப்போனால் இன்னொன்று வேண்டும் என்று சொல்லும், அதைத் தேடிப்போனால் மூன்றாவது ஒன்று. நெட் கிடையாது, சிடி கடன் வாங்கவேண்டும். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி ஏரோ டிபார்ட்மெண்ட் வகுப்பறையில் சென்னை லினக்ஸ் குழு கூடும், அங்கே போய் யாரிடம் எந்த சிடி இருக்கிறது என்று கேட்போம். ஒரு லைப்ரரி கிடைக்காமல் ஒரு மாதம் காத்திருந்திருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிடி வாங்கப்போன ஒரு பையன், சி மொழி எழுதிய டென்னிஸ் ரிச்சி பெயரில் மெட்ராஸில் தெருவே இருக்கிறது என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது வேறு ரிச்சி என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

அம்மா, என்ன ஆச்சு?

அச்சுக்கடை அக்கா, இரவு 10.58

முதல் கட்டளைக்கு ரெண்டு வரி வந்துச்சு, பிழைன்னு எதுவும் சொல்லலை. ரெண்டாவது சும்மா இருந்துச்சு. ஆப்ட் அப்டேட் ஓடிடுச்சு, நெட் இருக்கு. ஐயா சொன்ன புலம்பல் ரெண்டு மாசமா வந்துச்சுங்க, நான் அதை விளம்பரம் மாதிரி நினைச்சு விட்டுட்டேன்.

கடைசிக் கட்டளைக்கு வந்த பட்டியலைப் படிச்சேன். ஸ்க்ரீன்ல மேல ஓடிடுச்சு, அதனால வேண்டாம்ங்கிற 'என்' எழுத்தைப் போட்டு ரத்து பண்ணிட்டு, வேளச்சேரித் தம்பி தனியா மெசேஜ்ல சொன்ன மாதிரி திரும்ப அடிச்சுக் கடைசியில ஒரு செங்குத்துக் கோடு, லெஸ்னு சேர்த்தேன். பக்கம் பக்கமா வந்துச்சு. "ரிமூவ்"னு தலைப்பே இல்லை. எல்லாம் புதுசு. திரும்ப லெஸ் இல்லாம அடிச்சு ஒய் தட்டினேன். இறங்கிக்கிட்டு இருக்கு.

இருபத்திரெண்டு வருஷமா ப்ரூஃப் பார்க்கிறேங்க. திருவளர்செல்வன் நடுவுல ஒரு 'ச்' சேர்த்து அடிச்சுக் குடுத்தா, அது வினைத்தொகை, ஒற்று மிகாதுன்னு மாப்பிள்ளை வீட்டுத் தமிழ் வாத்தியார்கிட்டயே வாதாடுவேன். அப்படிப்பட்டவ நூத்திச் சொச்சம் பேர் இருந்த பட்டியலை ஒரு பார்வைகூடப் பார்க்கலை. அதுல உபுண்டு-டெஸ்க்டாப்னு முழுப் பேரும் இருந்திருக்கும். அது வெட்கமா இருக்கு.

அச்சுக்கடை அக்கா, இரவு 11.46

ரீபூட் பண்ணேன். வந்துடுச்சு!! ஊதாவும் ஆரஞ்சுமா அந்தப் பின்னணிப் படம், இவ்வளவு அழகா இருந்ததில்லை. டெர்மினல் ஐகானும் திறக்குது, கார்த்திகையில இருந்து திறக்காதது. கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போறேன். ரெண்டு பேருக்கும் கோடி புண்ணியம்.

அண்ணன் பையன், காலை 7.12

அத்தை லிங்க் அனுப்பினாங்க. நான்தான் அந்தப் பையன். ஆமா, அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் நான்தான் குடுத்தேன், ட்யூட்டோரியல்ல அப்படித்தான் இருந்துச்சு. டெட்ஸ்னேக்ஸ்ங்கிற பிபிஏல (உபுண்டுவுக்கு வெளியில இருக்கிற தனி சாஃப்ட்வேர் களஞ்சியம்) இருந்து 3.12 போட்டேன். கோர்ஸுக்கு 3.12 வேணும், அத்தை மெஷினும் கெடக்கூடாது. எப்படி?

வேளச்சேரி டெவ், காலை 7.40

தம்பி, 3.12 பக்கத்துலயே இருக்கலாம், தப்பே இல்லை. சிஸ்டத்தோட பைத்தான்3-ங்கிற பேரை மட்டும் திருப்பாதே. உன் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல பைத்தான்3.12-னு முழுப் பேரைச் சொல்லி ஒரு வென்வ் (அந்த ப்ராஜெக்டுக்கு மட்டுமான தனி பைத்தான் சூழல்) உருவாக்கிக்க. டெட்ஸ்னேக்ஸ்ல வென்வ் தனிப் பேக்கேஜ், பைத்தான்3.12-வென்வ்னு இருக்கும், அதையும் போட்டுக்க. அதை ஆக்டிவேட் பண்ணா அந்த டெர்மினலுக்குள்ள மட்டும் பைத்தான்னா 3.12. ப்ராஜெக்ட் முடிஞ்சா அந்த ஃபோல்டரை அழிச்சா போதும், வேற எங்கயும் சுவடு இருக்காது. சூடோ போட்டு பிப் (பைத்தானோட சொந்த இன்ஸ்டாலர்) இன்ஸ்டால் குடுக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடு. அது டிபிகேஜி கணக்கு வெச்சிருக்கிற வீட்டுக்குள்ள கணக்குல வராத சாமானைக் கொண்டுவந்து வைக்கிற வேலை. புது உபுண்டுல பிப்பே "வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுது"ன்னு சொல்லி மறுத்துடும்.

இன்னொண்ணு, எதை எடுக்கிறதுக்கு முன்னாலயும் ஆப்ட் ரிமூவ் கூட ஹைஃபன் எஸ் சேர்த்து ஒரு முறை அடி. ஒத்திகை மாதிரி, என்ன நடக்கும்னு மட்டும் காட்டும், எதையும் தொடாது. சூடோகூட வேண்டாம்.

அச்சுக்கடை அக்கா, காலை 8.35

அவசரம்!! கடையைத் திறந்து பத்திரிகை மேட்டரைத் திறந்தேன். ஃபைல் சரியா இருக்கு. ஆனா தமிழ் அடிக்க முடியலை. மேல மூலையில இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கு, தமிழ்99 இல்லை. ப்ரூஃப்ல திருத்தம் சொன்னா அடிச்சாகணுமே!

பெரம்பூர் பெரியவர், காலை 8.44

இதைத்தான் காலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். உபுண்டு-டெஸ்க்டாப் என்பது உள்ளே ஒன்றுமில்லாத மெட்டாபேக்கேஜ், "இவையெல்லாம் வேண்டும்" என்று எழுதிய சீட்டு மட்டும். அந்தச் சீட்டில் இருந்தவை வந்துவிட்டன. நீயாகத் தனியே போட்டுக்கொண்டவை சீட்டில் இல்லை.

/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் என்ற ஃபைலைத் திற. நேற்றைய தேதி, நேரம், நீ அடித்த கட்டளை, அதற்குக் கீழே "பர்ஜ்" என்று தொடங்கும் ஒரே நீள வரி. போனவை அத்தனையும் அதில் இருக்கும். ப்ரூஃப் பார்ப்பவள்தானே, பார். தமிழுக்கு நீ தேடவேண்டியது ஐபஸ்-எம்17என்.

அச்சுக்கடை அக்கா, காலை 9.20

ஐயா, அந்த வரியை லிப்ரே ஆபீஸ்ல ஒட்டி, கமா வர்ற இடத்துல எல்லாம் புது வரியா உடைச்சு, ப்ரிண்ட் எடுத்துட்டேன். (பிரிண்டர் ஓடுது! ஹெச்பி-ப்ளகின்னு ஒரு கட்டளையை மட்டும் திரும்ப ஓட்டினேன்.) மூணு பக்கம். 142 பேர். சிவப்புப் பேனா எடுத்து, இப்ப மெஷின்ல இருக்கிறதுக்கெல்லாம் டிக் போட்டுக்கிட்டே வந்தேன். கடையில நின்னவர் "என்னங்க இது, வாக்காளர் பட்டியலா?"ன்னு கேட்டார்.

டிக் விழாதது பைத்தான்ல ஆரம்பிக்கிற சின்னச் சின்ன பேர்கள் கொஞ்சம், அது எனக்கு எதுக்குன்னே தெரியலை. நான் தெரிஞ்சு பயன்படுத்துறது மூணு. ஐபஸ்-எம்17என். ஹெச்பிலிப்-குய், அந்தப் பிரிண்டர் ஜன்னல். ஓசிஆர்மைபிடிஎஃப், பழைய தீசிஸை ஸ்கேன் பண்ணித் தேடுற மாதிரி ஆக்க வெச்சிருந்தது. மூணையும் போட்டேன். லாக் அவுட் பண்ணி உள்ள வந்தா தமிழ்99 தானா மூலையில வந்து உட்கார்ந்துடுச்சு, நான் எதையும் செட் பண்ணலை.

அந்த லாக்ல இன்னொண்ணும் இருக்கு ஐயா. "ரிக்வெஸ்டட்-பை"ன்னு போட்டு என் யூசர் பேர். யார் பண்ணதுன்னு சாட்சி வெச்சிருக்கு பாருங்க.

வேளச்சேரி டெவ், காலை 9.31

தமிழ்99 தானா வந்ததுக்குக் காரணம், எந்தக் கீபோர்டு வேணும்ங்கிற உங்க விருப்பம் ஹோமுக்குள்ள இருக்கிற டிகான்ஃப்ங்கிற செட்டிங் ஃபைல்ல இருக்கு. பர்ஜ் அதைத் தொடலை. பேக்கேஜ் திரும்ப வந்ததும் பழைய விருப்பத்தைப் படிச்சுக்கிச்சு. டிக் விழாத பைத்தான் பேர்களை விட்டுடுங்க. அது எதுக்காவது வேணும்னா அதுவே இழுத்துக்கிட்டு வரும்.

கணினிச் சிங்கம், காலை 9.38

ஆட்டோரிமூவ் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க அக்கா. எனக்கு எப்பவும் அது வேலை செஞ்சிருக்கு.

பெரம்பூர் பெரியவர், காலை 9.55

சிங்கம், ஆட்டோரிமூவ் கெட்டதல்ல. சிஸ்டம் முழுசாக இருக்கும்போது அது நல்ல வேலைக்காரி. இந்த அம்மாவுக்கும் இப்போது அதுதான் வேண்டும், ஏனென்றால் முதல் பிரச்சினை இன்னும் தீரவில்லையே. டிஸ்க்! பைத்தான் 3.10-ஐ எடுத்து உனக்குக் கிடைத்திருக்கக்கூடியது சில பத்து எம்பி. அதற்கு இந்த ஆட்டம்.

மத்தியானம் கூட்டம் குறைந்தபிறகு செய். சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ். பட்டியலில் பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) வந்தால் சந்தோஷமாக ஒய். உனக்குத் தெரிந்த புரோகிராம் பெயர் ஏதாவது இருந்தால் 'என்' எழுத்தைப் போட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு ஆப்ட்-மார்க் மேனுவல் கொடு, பிறகு அது அனாதைக் கணக்கில் வராது. அடுத்து சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம், பழைய லாகுகள் குறையும். அதற்கடுத்து ஸ்னாப் லிஸ்ட் --ஆல். ஸ்னாப் என்பது ஆப்ட் அல்லாமல் சாஃப்ட்வேர் போடும் இன்னொரு வழி. 22.04-ல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. அப்டேட் ஆனபிறகும் முந்தைய பதிப்பை ஸ்னாப் கையில் வைத்திருக்கும், "டிசேபிள்ட்" என்று காட்டும். அவற்றை ரிவிஷன் எண் சொல்லி எடுக்கலாம். உன் ஜிபி பெரும்பாலும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

அச்சுக்கடை அக்கா, மதியம் 2.50

மூணும் பண்ணேன். ஆட்டோரிமூவ்ல நாலு பழைய கெர்னல், கொஞ்சம் லைப்ரரி. தெரிஞ்ச பேர் எதுவும் இல்லை, ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் ஒய் தட்டினேன். ஸ்னாப்ல பழசு அஞ்சாறு இருந்துச்சு. மொத்தமா 6 ஜிபிக்கு மேல காலி.

பெண் வீட்டார் பத்தேகாலுக்கு வந்தாங்க. ப்ரூஃப் குடுத்தேன், பார்த்தாங்க. மாப்பிள்ளையோட தாத்தா பேருக்கு முன்னால இனிஷியல் தப்பாம், அவங்க எழுதிக் குடுத்த சீட்டுலயே தப்பு. அங்கயே திருத்தி ரெண்டாவது ப்ரூஃப் அடிச்சுக் குடுத்தேன். அப்புறம் பெண்ணோட அப்பா என் மேஜையில கிடந்த அந்த மூணு பக்கத்தைக் கையில எடுத்து, சிவப்பு டிக்கெல்லாம் பார்த்துட்டு, "இவங்களுக்கெல்லாம் பத்திரிகை குடுத்தாச்சா?"ன்னு கேட்டார்.

அண்ணன் பையன் சாயங்காலம் வர்றான், வென்வ் போட. ஐயா, அவன் அடிக்கிறதுக்கு முன்னால நான் பக்கத்துல உட்கார்ந்து பட்டியலைப் படிக்கணும்னு சொல்லியிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம்: டெட்ஸ்னேக்ஸ் பிபிஏவை அப்படியே விட்டுடலாமா, எடுக்கணுமா?

பெரம்பூர் பெரியவர், மதியம் 3.20

பையனுக்கு 3.12 வேண்டுமென்றால் விட்டுவை, அதற்கு வரும் அப்டேட் அங்கேயிருந்துதான் வரும். கோர்ஸ் முடிந்ததும் முதலில் 3.12-ஐ எடு, பிறகு ஆட்-ஆப்ட்-ரிப்பாசிட்டரி கட்டளைக்கு --ரிமூவ் சேர்த்து பிபிஏவை எடு. நட்சத்திரம் போடாதே.